என்ன வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிக் கருவிகள், ஓர் ஒப்பீடு

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டால், குழு கூடுகிற முதல் நாளே எழும் கேள்வி "என்ன வாங்கலாம்?" என்பதுதான். நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் பெரும்பாலும் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம். நானும் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில் பார்வையில்லாத மாணவி ஒருவர் முதுகலை வரலாறு படித்தார். அவரை மனதில் வைத்து ஓர் அறையைத் தயார் செய்தோம். நல்ல கணினி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் விலை கூடிய திரைவாசிப்பான், அதையே விரலால் தடவி வாசிக்கத் தரும் 40 கட்டங்கள் கொண்ட பிரெய்ல் டிஸ்ப்ளே எல்லாம் உள்ளே இருந்தன. மாலை 5 மணிக்கு அறையைப் பூட்டிவிடுவோம். அவருடைய கடைசி வகுப்பு முடிவதே நாலரை மணிக்கு. அதுகூடப் பரவாயில்லை. அவருடைய பாடப்பட்டியலில் இருந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் பழைய புத்தகங்களைப் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப் கோப்புகள். திரைவாசிப்பான் அவற்றைத் திறந்தால் காலிப் பக்கம் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஆண்டு முழுக்க அவர் படித்தது ஒரு தோழியின் குரலில். தோழி வாசித்து அலைபேசியில் பதிவு செய்து தருவார். நாங்கள் வாங்கி வைத்த எதுவும் அவருடைய படிப்பைத் தொடவே இல்லை. இன்றுவரை எனக்கு உறுத்துகிற விஷயம் அது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1993ல் பெட்சி பிலிப்ஸ், ஹாங்சின் ஜாவ் என்ற இரு ஆய்வாளர்கள் உதவிக் கருவிகளைப் பயன்படுத்தும் 227 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்ற கருவிகளில் 29.3 விழுக்காடு முழுதாகக் கைவிடப்பட்டிருந்தன. அதோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்ட காரணங்கள் நான்கு: பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் தேர்ந்தெடுத்தது, கருவி மிகச் சுலபமாகக் கைக்கு வந்தது, கருவி ஒழுங்காக வேலை செய்யாதது, காலம் போகப்போக அவருடைய தேவை மாறியது. எங்கள் அறையைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது எனக்கு.

கல்வியாளர் ஜாய் ஜபாலா இதற்கு ஒரு நல்ல வரிசை வகுத்துத் தந்திருக்கிறார். முதலில் மாணவர், அப்புறம் அவர் இருக்கும் சூழல், அப்புறம் அவர் செய்ய வேண்டிய பணி, கடைசியில்தான் கருவி. கீழே நான் ஒப்பிடும் எல்லாவற்றையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஆய்வகமா, கையோடு போகும் கருவியா?

நிர்வாகங்களுக்கு ஆய்வகம் பிடிக்கும். ஏன் என்று புரிகிறது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், தொலையாது, கணக்குக் காட்டலாம், பழுது பார்ப்பது எளிது. ஆனால் மாணவர் ஆய்வகத்திலா படிக்கிறார்? விடுதி அறையில், நூலகத்து மூலையில், பயணத்தில், தேர்வுக்கு முந்தைய நடுராத்திரியில் படிக்கிறார். மற்றவர்களின் புத்தகம் பையில் இருக்கிறது. இவருடைய புத்தகம் மட்டும் ஏதோ ஒரு மாடியில், அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கிறது.

அதனால் இரவல் கொடுப்பதே மேல் என்பேன். மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, சிறிய பிரெய்ல் டிஸ்ப்ளே, கழுத்தில் மாட்டும் மைக், கையடக்க உருப்பெருக்கி எல்லாவற்றையும் ஒரு பருவத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்று பயப்படுவார்கள். சில உடையத்தான் செய்யும். அலமாரியில் பத்திரமாகக் கிடக்கும் கருவியால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது, கணக்குப் புத்தகத்தில் தெரியாது அவ்வளவுதான்.

மூன்றாவது வழியும் உண்டு. பணத்தை மாணவரிடமே கொடுத்து, சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொல்வது. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இரவல் கருவி பட்டம் வாங்கும் நாளில் திரும்பிப் போய்விடும், வேலைக்குச் செல்லும் நேரத்தில் கை வெறுமையாக இருக்கும். சொந்தக் கருவி கூடவே வரும். ஆனால் முதலாம் ஆண்டில் நுழையும் மாணவருக்குத் தனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? ஒரு பருவம் இரவலில் பழகிப் பார்த்துவிட்டு, பொருந்தியதைச் சொந்தமாக வாங்க உதவுவது இரண்டுக்கும் நடுவே நியாயமான வழியாகப் படுகிறது.

ஆய்வகத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பிரெய்ல் அச்சுப்பொறி, வேகமான ஸ்கேனர், சூடேற்றினால் கோடுகள் மேலெழும்பும் தனிவகைத் தாளும் அதற்கான அடுப்புப் பெட்டியும் போன்ற பெரிய சாமான்களுக்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அது படிக்கும் இடமாக இல்லாமல் பாடங்களைத் தயாரிக்கும் பட்டறையாக இருக்கட்டும்.

எந்தத் திரைவாசிப்பான்?

பார்வையில்லாத மாணவர்கள் விஷயத்தில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் கணினித் திரையில் உள்ளதைக் குரலாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள். விண்டோஸ் கணினியில் முக்கியமான போட்டி ஜாஸ், என்விடிஏ இரண்டுக்கும் நடுவேதான்.

ஜாஸ் 1989ல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலேயே வந்தது. கட்டண மென்பொருள். நீண்ட காலமாக அலுவலகங்களில் வேரூன்றியது. சிக்கலான மென்பொருள்களுக்குத் தனித்தனியாக ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் எழுதி அதைப் பழக்கிக்கொள்ளலாம். ஒரு துறை பயன்படுத்தும் ஏதோ ஒரு பிடிவாதமான மென்பொருள் வேறு எதிலும் பேசாமல் ஜாஸில் மட்டும் பேசுவது உண்டு. உரிமம் இல்லாமலும் ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் வரை ஓடும், அப்புறம் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். முயன்று பார்க்க அது போதும்.

என்விடிஏ 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கிய முயற்சி. ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையில்லாதவர்கள். இலவசம், மூல நிரலும் திறந்தது. ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று நூலகக் கணினியிலோ நண்பரின் மடிக்கணினியிலோ ஓட்டலாம். இதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் அது தன்னுடையதாகிவிடும் என்ற உணர்வு ஒரு மாணவருக்குக் கொடுக்கும் தைரியம் சாதாரணமானதல்ல.

இவை தவிர, கருவியோடு சேர்ந்தே வருபவை இருக்கின்றன. மேக் கணினியில் 2005 முதலும் ஐபோனில் 2009 முதலும் வாய்ஸ்ஓவர் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், விண்டோஸில் நேரேட்டர். இன்றைய மாணவர்களில் பலர் திரைவாசிப்பானை முதலில் அறிமுகம் செய்துகொள்வது அலைபேசியில்தான். செய்தி படிக்க, கட்டுரை கேட்க அது அருமை. அடிக்குறிப்புகளோடு 80 பக்க ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து திருத்துவதற்கு மட்டும் கணினியும் விசைப்பலகையும் வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். மாணவர் ஏற்கெனவே எதில் பழகியிருக்கிறாரோ அதைத் தொடாதீர்கள். வருடக்கணக்கில் விரல்களில் ஊறிய குறுக்குவிசைகளை நிர்வாக வசதிக்காக மாற்றச் சொல்வது, வலதுகைக்காரரை இடதுகையால் எழுதச் சொல்வதற்குச் சமம். புதிதாகத் தொடங்குபவர் என்றால் என்விடிஏ. துறை மென்பொருள் ஏதாவது அதில் பேச மறுத்தால், அந்த ஒருவருக்கு மட்டும் ஜாஸ் உரிமம். இப்படி மிச்சமாகும் பணத்தைப் பயிற்றுநருக்குக் கொடுங்கள். நிறுவி முடித்த திரைவாசிப்பானுக்கும் அதில் சரளமாக வேலை செய்வதற்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாரா என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த ஆள் தானும் திரைவாசிப்பானில் வாழ்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

குரலா பிரெய்லா என்ற கேள்வியும் வரும். குரல் வேகமானது. நன்கு பழகியவர்கள் நமக்குப் புரியவே புரியாத வேகத்தில் கேட்பார்கள். அவர்களுக்கு மனிதக் குரல் போன்ற இனிமை தேவையில்லை, வேகத்திலும் எழுத்து பிசகாத தெளிவு வேண்டும். அதனால் ஈஸ்பீக் போன்ற இயந்திரக் குரலையே விரும்புபவர்கள் நிறையப் பேர். "இந்தக் குரல் நன்றாக இல்லையே" என்று பார்வையுள்ளவர்கள் முடிவு செய்யக் கூடாது. ஆனால் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, நிரல் வரிகள், கணிதம், பிறமொழிப் பெயர்கள் இவற்றில் குரல் கைவிடும் இடம் உண்டு. அங்கே பிரெய்ல் டிஸ்ப்ளே வேண்டும். அது ஏன் அவ்வளவு விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு 8 ஊசிகள். 40 கட்டங்களில் 320 ஊசிகள். ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தில் வளையும் தனித்தனி படிகத் துண்டால் மேலெழும்பி இறங்க வேண்டும். பிரெய்ல் சரளமாக வாசிப்பவருக்கு அது மூக்குக்கண்ணாடி மாதிரி, கொடுத்தே ஆக வேண்டும். பிரெய்ல் தெரியாதவருக்கு அதை வாங்கி வைப்பதில் பயனில்லை.

கோப்பை யார் சரிசெய்வது?

கையில் இருப்பதெல்லாம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் எதைச் செய்வீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் பாடக் கோப்புகளைச் சரிசெய்வேன் என்பேன். வேறெந்தக் கருவிக்கும் அதுதான் உணவு.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, மாணவரே ஓசிஆர் எனப்படும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு மாற்றிக்கொள்வது. அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். இரண்டு பத்தி, அடிக்குறிப்பு, அட்டவணை, ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதிய குறிப்பு என்று வந்துவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மற்றவர்கள் படிக்கத் தொடங்கும் நேரத்தில் இவர் இன்னும் புத்தகத்தைத் தயார் செய்துகொண்டிருப்பார். படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை, அதுவும் கூலி இல்லாத வேலை.

இரண்டாவது வழி, உதவி மையத்தில் ஆட்களை வைத்து, மாணவர் கேட்கக் கேட்க மாற்றித் தருவது. தரம் நன்றாக இருக்கும். சட்டமும் பல நாடுகளில் வழிவிட்டிருக்கிறது. 2013ல் நிறைவேறி 2016ல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அச்சு வாசிக்க இயலாதவர்களுக்காகப் பதிப்புரிமையாளரின் அனுமதி இல்லாமலே அணுகத்தக்க பிரதி தயாரிக்கவும் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே பகிரவும் இடமளிக்கிறது. எனவே ஓரிடத்தில் ஏற்கெனவே மாற்றப்பட்ட நூலை மறுபடி மாற்ற வேண்டியதில்லை, புக்ஷேர் போன்ற நூலகங்களில் முதலில் தேடலாம். இந்த வழியின் குறை காலம். ஆசிரியர் பட்டியலைத் தருவது பருவம் தொடங்கிய பிறகு, மாற்றும் வேலைக்கு வாரங்கள் ஆகும், நூல் கைக்கு வரும்போது அந்தப் பாடமே முடிந்திருக்கும். தேர்வு முடிந்த மறுநாள் ஒரு மாணவரிடம் அழகாகத் திருத்திய கோப்பைக் கொடுத்திருக்கிறேன். அவர் நன்றி சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது வழி, கோப்பு பிறக்கும்போதே சரியாகப் பிறப்பது. ஆசிரியர் வேர்டில் பாடக்குறிப்பு எழுதும்போது தலைப்பைப் பெரிய எழுத்தாக மாற்றுவதற்குப் பதிலாகத் தலைப்பு நடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். திரைவாசிப்பான் அதைத் தலைப்பு என்று அறிந்து, மாணவர் ஒரே விசையில் அத்தியாயத்திலிருந்து அத்தியாயத்துக்குத் தாவுவார். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம். எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு, உலக அளவில் ஏற்கப்பட்ட டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்கிறது. பிடிஎஃப் என்றால் உள்ளே அமைப்புக் குறிகளோடு ஏற்றுமதி செய்ய வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ள ஆசிரியருக்கு ஒரு மதியம் போதும்.

இதன் பயன் பார்வையில்லாத ஒருவரோடு நிற்பதில்லை. எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ள மாணவர் அதே கோப்பைக் குரலாகக் கேட்பார். குறைபார்வை உள்ளவர் எழுத்தை நான்கு மடங்கு பெருக்கினாலும் வரிகள் உடையாமல் படிப்பார். கை அசைக்க முடியாதவர் பக்கம் புரட்டாமல் படிப்பார். தன் நிலையை யாரிடமும் சொல்லிக்கொள்ள விரும்பாத மாணவருக்கும் அது போய்ச் சேரும். அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறார்கள், அவர்களை எந்தப் படிவத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆக மூன்றாவது வழியை அடித்தளமாகவும் இரண்டாவதைப் பழைய நூல்களுக்காகவும் வைத்துக்கொண்டு, முதல் வழியை அவசரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கணிதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு" என்று குரல் வாசித்தால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? எக்ஸையும் ஒன்றையும் கூட்டி முழுதையும் இரண்டால் வகுப்பதா, எக்ஸோடு அரையைக் கூட்டுவதா? காகிதத்தில் ஒரு கோட்டின் நீளம் சொல்லிவிடுவதைக் குரல் சொல்லாது. அதனால்தான் சமன்பாட்டைப் படமாக ஒட்டுவது பெரிய அநியாயம் என்கிறேன். சமன்பாட்டின் அமைப்பைக் கணினிக்குப் புரியும்படி எழுதும், 1998ல் வந்த மேத்எம்எல் வடிவத்தில் சமன்பாடு இருந்தால், மேத்கேட் போன்ற இணைப்பு மென்பொருள் துணையோடு திரைவாசிப்பான் அதைப் பகுதி பகுதியாக நின்று நிதானமாக வாசிக்கும், பிரெய்லிலும் காட்டும். வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் எழுதியதையும் அப்படி வாசிக்க வைக்கலாம். சமன்பாடுகளைச் சாதாரண எழுத்துகளாலேயே எழுதும் லேடெக் நிரலைப் பார்வையில்லாத கணித மாணவர்கள் பலர் நேரடியாகவே வாசிக்கவும் எழுதவும் செய்கிறார்கள். ஆசிரியர் லேடெக்கில்தான் எழுதுகிறார் என்றால் அச்சுக்குப் போன பிடிஎஃபோடு மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இவ்வளவு எளிய உதவியைக் கேட்க ஒரு மாணவர் மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்கு: தானியங்கிக் கேப்ஷனா, மனிதரா, மைக்கா?

செவித்திறன் குறைந்த மாணவர்கள் எல்லோரையும் ஒரே பெட்டியில் போடுவது வழக்கமான தவறு. காதுக் கருவி போட்டுக் கேட்பவருக்கு வேண்டியது ஒன்று, சைகைமொழியில் வளர்ந்தவருக்கு வேண்டியது முற்றிலும் வேறு.

காதுக் கருவியோ, அறுவைசிகிச்சையால் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டோ பயன்படுத்துபவருக்கு முதல் எதிரி தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர் வாய்க்கு அருகே மாட்டிக்கொள்ளும் மைக்கிலிருந்து ஒலியை நேராகக் காதுக் கருவிக்கு அனுப்பும் அமைப்பு இதை அப்படியே கடந்துவிடுகிறது. கொடுக்கிற பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் கருவி வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை, மாணவர்கள் கேட்கும் கேள்வி அந்த மைக்கில் விழாது. ஆசிரியர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

பேச்சைத் தானே எழுத்தாக்கித் திரையில் காட்டும் தானியங்கிக் கேப்ஷன் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதனால் "இனி மனிதர் எதற்கு?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் நிமிடத்துக்கு 150 சொல் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 9,000 சொற்கள். 95 விழுக்காடு துல்லியம் என்றாலும் 450 சொற்கள் தவறு. அந்தத் தவறுகள் "மற்றும்" "ஆனால்" போன்ற சொற்களில் விழுந்தால் பரவாயில்லை. அவை விழுவது கலைச்சொற்களிலும் ஆட்பெயர்களிலும் எண்களிலும்தான், அதாவது தேர்வில் கேட்கப்போகும் இடங்களில். "இல்லை" என்ற ஒரு சொல் விடுபட்டால் ஒரு கோட்பாடே தலைகீழாகிவிடும். இரண்டு மொழி கலந்து பாடம் நடத்துபவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சுருக்கெழுத்து விசைப்பலகையில் உடனுக்குடன் தட்டச்சு செய்யும் கேப்ஷனர் இவற்றையெல்லாம் தாங்குவார், பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுத்தால் இன்னும் நன்றாகச் செய்வார். அவர் கிடைப்பது அரிது, செலவும் கூடுதல். எனவே இப்படிப் பிரிக்கலாம்: மாணவர் பங்கேற்க வேண்டிய கருத்தரங்கு, நேர்முக விவாதம், ஆய்வுக்கூட எச்சரிக்கைகள் வரும் வகுப்பு இவற்றுக்கு மனிதர். பதிவு செய்யப்பட்ட விரிவுரைக்குத் தானியங்கி, ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து திருத்திய பிறகு. திருத்தாத கேப்ஷனை வெளியிட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் கேப்ஷன் மாற்று ஆகாது. அவருக்கு அந்த எழுத்து இரண்டாம் மொழி. சைகைமொழி பெயர்ப்பாளர்கள்தான் வேண்டும், நீண்ட வகுப்பென்றால் இருவர், மாறி மாறிச் செய்ய. இந்த இடத்தில் எந்த மென்பொருளையும் நான் சிபாரிசு செய்யத் தயாராக இல்லை.

எழுத்தும் கவனமும்

டிஸ்லெக்சியாவுக்கென்று வடிவமைத்த எழுத்துருக்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நடந்த ஆய்வுகளில் அவை வாசிப்பு வேகத்தையோ துல்லியத்தையோ தெளிவாக உயர்த்தியதாகக் காணவில்லை. ஒருவருக்குப் பிடித்திருந்தால் பயன்படுத்தட்டும், ஆனால் அதையே உதவி என்று கொடுத்துவிட வேண்டாம். எழுத்தைக் குரலாக்கி, வாசிக்கும் சொல்லைத் திரையில் ஒளிரச் செய்யும் மென்பொருள் இவர்களில் பலருக்கு உண்மையாகவே கை கொடுக்கிறது.

குறிப்பெடுக்கச் சிரமப்படுபவருக்கு வகுப்புத் தோழரின் குறிப்பை வாங்கித் தருவது மலிவான பழைய வழி. ஆனால் அது இன்னொருவர் புரிந்துகொண்ட பாடம். தனி வகைத் தாளில் எழுதும்போதே ஒலியையும் பதிந்து, பின்னர் எழுதிய சொல்லைத் தொட்டால் அந்த நொடியின் பேச்சை ஒலிக்கும் பேனாக்கள் இருக்கின்றன, அதே வேலையைச் செய்யும் செயலிகளும் இருக்கின்றன. மாணவர் நாலு சொல் எழுதினால் போதும், குறிப்பு அவருடையதாக இருக்கும். வகுப்பைப் பதிவு செய்ய ஆசிரியரின் சம்மதத்தை மாணவர் தலையில் போடாமல் மையமே வாங்கித் தர வேண்டும்.

கை ஒத்துழைக்காதபோது

குரலால் தட்டச்சு செய்வதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். 1997ல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் வந்தபோது அது பெரிய புதுமை. இன்று மேக்கிலும் விண்டோஸிலும் குரலால் முழுக் கணினியையும் இயக்கும் வசதி சேர்ந்தே வருகிறது. பேச்சு தெளிவாக உள்ளவர், தனி அறை உள்ளவர் என்றால் முதலில் இதையே முயலுங்கள். நான்கு பேர் தங்கும் அறையிலோ அமைதி காக்க வேண்டிய நூலகத்திலோ பேசிப்பேசிக் கட்டுரை எழுத முடியாது. பல மணி நேரம் பேசினால் தொண்டையும் கட்டிக்கொள்ளும்.

பேச்சும் தெளிவில்லாதவருக்குக் கண் அசைவுக் கருவி, தலையசைவுச் சுட்டி, ஒரே ஒரு பொத்தானால் இயங்கும் ஸ்விட்ச் என்று வழிகள் உண்டு. கண் அசைவுக் கருவி பார்க்க வியப்பாக இருக்கும். அகச்சிவப்பு ஒளியை நம்பியிருப்பதால் நேர்வெயில் விழும் ஜன்னலோரத்தில் தடுமாறும், கண்ணும் சீக்கிரம் களைக்கும். ஸ்விட்ச் மெதுவானது, ஆனால் நாள் முழுக்க நம்பலாம். காட்சிக்கு நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடாமல் சில வாரங்கள் அந்த மாணவரின் சக்கர நாற்காலியிலேயே பொருத்திப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

தேர்வறை

ஆண்டு முழுக்க உதவிய கருவி தேர்வன்று வாசலில் பறிக்கப்படுவதைப் போல ஒரு கொடுமை இல்லை. கணினியில் எழுதிப் பழகியவரிடம் அன்று மட்டும், சொல்வதைக் கேட்டு எழுதும் ஸ்கிரைப் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஸ்கிரைப் பாடம் தெரியாதவராக இருந்தால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் எழுத்துக்கூட்ட வேண்டும். தெரிந்தவராக இருந்தால் அவர் உதவியிருப்பாரோ என்ற சந்தேகம் மாணவர் மேல் விழும். எழுதியதைத் திரும்பிப் படித்துத் திருத்தும் சுதந்திரம் இரண்டிலுமே இல்லை.

தேர்வுக் குழுவின் கவலை நகலடிப்பது பற்றியது. அது நியாயமான கவலைதான். இணையம் துண்டிக்கப்பட்ட, காலிக் கோப்புறையுள்ள, மாணவருக்குப் பழக்கமான திரைவாசிப்பானும் விசைப்பலகை அமைப்பும் நிறுவிய கணினி ஒன்றை மையமே தயார் செய்து கொடுத்தால் அந்தக் கவலை தீரும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மாணவர் அதே கணினியில் ஒரு மாதிரித் தாளை எழுதிப் பார்க்க வேண்டும். வினாத்தாளும் படமாக இல்லாமல் வாசிக்கத்தக்க கோப்பாக வர வேண்டும். எப்போதும் சொல்லிச் சொல்லியே எழுதிப் பழகியவர் ஸ்கிரைப்பைக் கேட்டால் அதையும் தர வேண்டும், தேர்வு அவருடையது. கூடுதல் நேரம் இரண்டு வழியிலும் தேவை, ஏனென்றால் ஒரு பக்க வினாவைக் கண் மேய்வதுபோல் காது மேய முடியாது.

இதையெல்லாம் பெருந்தன்மையாகச் செய்வதாக நினைக்கும் நிர்வாகிகளைச் சந்தித்திருக்கிறேன். 2006ல் ஐநா பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் தகுந்த ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. மாணவர் கேட்பது அவருடைய உரிமை.

எந்த வரிசையில் தொடங்குவது?

என் கையில் ஓராண்டுத் தொகை வந்தால் முதலில் இரண்டு ஆட்களை எடுப்பேன். ஒருவர் கோப்பு மாற்றுபவர், ஒருவர் பயிற்றுநர். அடுத்து இரவல் கருவிகள், அதில் முதல் இடம் மைக்குகளுக்கும் மடிக்கணினிகளுக்கும். மென்பொருளில் இலவசமாகக் கிடைப்பவற்றையும் கருவியோடு வருபவற்றையும் முழுதாகப் பயன்படுத்திவிட்டு, அவை போதாத இடத்தில் மட்டும் உரிமம். விலை உயர்ந்த தனிக்கருவிகளுக்கு ஒரு பகுதியைப் பருவம் தொடங்கும்வரை தொடாமல் வைத்திருப்பேன். சேரப்போகும் மாணவர் யார் என்று தெரியாமல் அவருக்குக் கருவி வாங்க முடியாது.

ஆனால் பணம் வருவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த பருவத்துப் பாடப்பட்டியல்களைத் துறைகளிடம் இந்த வாரமே கேளுங்கள். பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே அவை கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, சுட்டியால் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது படம். அப்படிப்பட்டவற்றைத் தனியாக எடுத்து வைத்து, அதிகம் பேர் படிக்க வேண்டிய பாடத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள். அந்த வரலாற்று மாணவி இப்போது ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறார். சென்ற முறை பேசியபோதும் அவர் கேட்டது ஒன்றைத்தான்: "பட்டியல் எப்போ வரும்?"